இடது இறக்கை

ஸ்ரீரங்கம்
18-11-78

சேசு மரி சூசை

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். கூட இருக்கும் சிநேகிதர்களிடமும் வேண்டாம். படித்ததும் கிழித்துப் போடுங்கள். உங்களுக்கு எழுதக்கூடாது என்று அப்பா சொன்ன பிறகு நம் வீட்டிலிருந்து வரும் முதல் கடிதம் இதுதான்.

மேலே ஸ்ரீரங்கம் என்று போட்டிருக்கிறேனே தவிர, எடமலைப்பட்டி புதூரில் நம் வீட்டு அரிசி மூட்டை அறையில் கதவைச் சாத்திக்கொண்டுதான் எழுதுகிறேன். பதிலை மட்டும் ஸ்ரீரங்கத்துக்கு, ரங்கநாயகி வீட்டு விலாசத்துக்குப் போடுங்கள். அவள் என் வகுப்பு. கவரின் பின்னால் ஒரு பெண் பெயர் எழுதுங்கள். ஆண்பிள்ளை கடிதம் என்று தெரிந்தால் அவள் அம்மா என்னைப் படியேற விடமாட்டார்.

ஏர்ஃபோர்ஸ் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? பெங்களூர்க் குளிருக்குக் கம்பளி கொடுத்தார்களா? இங்கே நானும் அம்மாவும் சுகம். அப்பாவும் சுகம்.

போன வாரம் பாய் எடுக்கப் பரணில் ஏறினேன். நீங்கள் காலேஜ் என்.சி.சி.யில் இருந்தபோது அப்பாவோடு சேர்ந்து செய்ய ஆரம்பித்த அந்தச் சின்ன விமானம் அங்கே கிடந்தது. இறக்கை தனி, உடம்பு தனி. வால் ஒட்டவே இல்லை. சாமியாராகப் படிக்கச் செமினாரிக்குக் கிளம்பியபோது நீங்கள் விட்டுப் போனபடியே இருந்தது. கீழே இறக்கினேன். அப்பா பார்த்துவிட்டார்.

"தூக்கி அடுப்புல வை. ஆரம்பிப்பான், முடிக்க மாட்டான். சாமியாராவும் முடிக்கல, இதையும் முடிக்கல" என்றார்.

அம்மா உள்ளே போய்விட்டார்கள். உங்களைச் சாமியாருக்கு நேர்ந்துகொண்டது அவர்கள்தானே. அந்தப் பேச்சு வந்தாலே அவர்களுக்கு வாய் அடைத்துப்போகிறது.

நான் அதை அடுப்பில் வைக்கவில்லை. துணிப்பையில் சுற்றி, கணக்குப் படிக்கப் போகிறேன் என்று சொல்லி ரங்கநாயகி வீட்டு மாடிக்குக் கொண்டுபோய்விட்டேன். நானே முடிக்கப் போகிறேன். நீங்கள் தொடங்கியது ஒன்றாவது முடிந்ததை அப்பா கண்ணால் பார்த்தால் உங்களை வீட்டுக்குக் கூப்பிடுவார். எனக்கு ஒன்றுமே தெரியாது. எழுதிச் சொல்லித் தாருங்கள்.

அன்புத் தங்கை
பாக்கியமேரி


ஜாலஹள்ளி
29-11-78

அன்புள்ள பாக்கியம்,

உன் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் யாருக்கோ என்னவோ என்று பயந்துவிட்டேன். எல்லோரும் சுகம் என்று படித்த பிறகுதான் உட்கார்ந்தேன். நான் நன்றாக இருக்கிறேன். கம்பளி கொடுத்தார்கள், மூட்டைப்பூச்சியோடு.

நீ செய்யப்போவது பட்டம் விடுவது போல அல்ல, கவனமாகக் கேள். நடுவில் நீ கைப்பிடியைப் பிடித்து நிற்பாய். அதிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் விமானத்துக்குப் போகும். விமானம் உன்னைச் சுற்றிச் சுற்றி வரும். கைப்பிடியை மேலே சாய்த்தால் ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும். இவ்வளவுதான் வித்தை. ஆனால் கம்பி இரண்டும் எப்போதும் விறைப்பாக இருக்க வேண்டும். தொய்ந்துவிட்டால் அது உன் பேச்சைக் கேட்காது.

இடது இறக்கை உன் பக்கம் இருக்கும், கம்பிகள் அதன் வழியாக வரும். அதனால் வலது இறக்கை நுனிக்குள் ஓர் ஐம்பது காசை வைத்து ஒட்டு. அந்தக் கனம் விமானத்தை வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், கம்பியும் விறைப்பாக நிற்கும். இதை மட்டும் மறக்காதே. இறக்கையை ஒட்டும்போது கீழே தினத்தாள் விரி, இல்லையென்றால் ரங்கநாயகி வீட்டுத் தரையும் சேர்ந்து பறக்கும். மற்றதெல்லாம் படமாகப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

அப்பா என்னைப் பற்றி வேறு ஏதாவது சொல்வாரா? அம்மா ராத்திரி சாப்பிடுகிறார்களா? இதற்கு ஒழுங்காகப் பதில் எழுது.

உன் அக்கா
கிளமென்சியா (மீசை வைத்தவள்)


ஸ்ரீரங்கம்
6-1-79

சேசு மரி சூசை

அன்புள்ள அண்ணனுக்கு,

பாலன் சேசு பிறப்பு வாழ்த்தைப் பிந்திச் சொல்வதற்கு மன்னியுங்கள். நீங்கள் சுகமாக இருக்க மாதாவிடம் கேட்டுக்கொண்டேன்.

இறக்கையை ஒட்டிவிட்டேன். முதல் தடவை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. வெந்நீர்த் துணி போட்டுப் பிரித்து மறுபடி ஒட்டினேன். நீங்கள் சொன்னபடி காகிதம் போர்த்தித் தண்ணீர் தெளித்தேன், காய்ந்ததும் மேளத்தோல் போல இறுகிவிட்டது. ஐம்பது காசு உள்ளே போய்விட்டது. கம்பியை இழுத்தால் வால் தட்டு அழகாக ஏறி இறங்குகிறது. ரங்கநாயகி அதையே இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் அம்மா போன சனிக்கிழமை, "கிளமென்சியாவுக்கு வரன் பாக்கறாளோ?" என்று கேட்டார். நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன், புரையேறிவிட்டது.

பட்டு நூல் தீர்ந்துவிட்டது. அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்தேன். என்ஜினை எப்போது மாட்டலாம்?

அன்புத் தங்கை
பாக்கியமேரி


ஜாலஹள்ளி
20-1-79

அன்புள்ள பாக்கியம்,

நான் சுகம். நீ கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் கீழே இருக்கிறது. நான் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு உன் கடிதத்தில் பதில் இல்லை. பரவாயில்லை.

என்ஜினை மாட்டு. நான் விட்டுப்போன டப்பாவில் எரிபொருள் பாதி இருக்கும். மூடி இறுக்கமாக இருந்தால் அதில் கலந்திருக்கும் ஈதர், ஆஸ்பத்திரி மயக்க மருந்துதான், ஆவியாகியிருக்காது. முகர்ந்து பார்க்காதே. விசிறியை விரலால் சுண்டிவிட்டு உடனே கையை எடுத்துவிடு. வெட்டினால் ஆழமாக வெட்டும்.

மண் ரோடு வேண்டாம், மின்கம்பி பக்கம் போகவே போகாதே. கொள்ளிடத்து மணல் போதும். ரங்கநாயகி விமானத்தைப் பிடித்து, நீ தலையசைத்ததும் விடட்டும். கம்பிகளை மாட்டியதும் கைப்பிடியை மேலே சாய்த்து, வால் தட்டும் மேலே போகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார். தலை சுற்றும். அப்போது தரையைப் பார்க்காதே, விமானத்தை மட்டும் பார்.

அக்கா கிளமென்சியா


ஸ்ரீரங்கம்
5-3-79

சேசு மரி சூசை

அன்புள்ள அண்ணனுக்கு,

பறந்தது!

சுகம் விசாரிக்கக்கூட மறந்துவிட்டேன். நீங்கள் சுகம்தானே? நான் சுகம். வலது ஆள்காட்டி விரலில் மட்டும் வெட்டு. வீட்டில் அருவாமனை என்று சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை காலையில் கொள்ளிடத்தில் இறங்கினோம். துணி துவைக்கிறவர்கள் தூரத்தில் இருந்தார்கள். என்ஜின் ரொம்ப நேரம் மக்கர் பண்ணியது. ரங்கநாயகி டப்பாவை முகர்ந்துவிட்டு, "ஆஸ்பத்திரில படுத்துண்டு இருக்கிற மாதிரி இருக்குடி" என்று மணலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு திடீரென்று அலறிக்கொண்டு பிடித்தது. தலையசைத்தேன். விட்டாள்.

கையில் அது இழுத்தது அண்ணா. பெரிய மீன் மாட்டியது போல. எனக்குப் பயத்தில் கைப்பிடியைச் சாய்க்கவே தோன்றவில்லை, அது பாட்டுக்கு என் தோள் உயரத்தில் சுற்றியது. பிறகு கொஞ்சம் ஏற்றினேன். ஏறியது. இறக்கினேன். இறங்கியது.

"ஏண்டி, இது இடமாச் சுத்தறதே, அப்பிரதட்சணமாடி? வலமாச் சுத்தச் சொல்லேன்!" என்று ரங்கநாயகி கத்தினாள். சிரிப்பு வந்து தரையைப் பார்த்துவிட்டேன். உடனே உலகமே சுற்றியது. நல்ல வேளை எண்ணெய் தீர்ந்து அது தானாகவே மணலில் சறுக்கி நின்றது. நான்தான் விழுந்தேன்.

இன்னும் இரண்டு தடவை விட்டுப் பழகிவிட்டு அப்பாவிடம் காட்டப் போகிறேன். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அன்புத் தங்கை
பாக்கியமேரி


ஜாலஹள்ளி
14-3-79

அன்புள்ள பாக்கியம்,

உன் கடிதத்தைக் குளியலறையில் வைத்து மூன்று தடவை படித்தேன். வெளியே இருந்தவர்கள் கதவை உடைக்காத குறை. நான் சுகம் என்று தனியாக எழுத வேண்டுமா?

மே மாதம் எனக்குப் பத்து நாள் லீவு உண்டு. போக இடம் இருக்கிறவர்கள் எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் இன்னும் கொடுக்கவில்லை. அப்பா வாயால் ஒரு சொல் வந்தால் போதும். அவர் எழுத வேண்டாம், உன்னிடம் சொன்னால்கூடப் போதும்.

அவசரப்படாதே. ஆனால் சீக்கிரம் எழுது.

கிளமென்சியா


ஸ்ரீரங்கம்
22-3-79

சேசு மரி சூசை

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

நான் சொல்வதற்கு முன்பே அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. சனிக்கிழமை இரவு சாப்பிட உட்கார்ந்தபோது என் பக்கம் மூக்கைத் திருப்பினார்.

"இது என்ன வாடை?"

"என்னப்பா?"

"வெளக்கெண்ணெயும் மண்ணெண்ணெயும் சேர்ந்து எரிஞ்ச வாடை. பட்டறையில முப்பது வருஷமா எண்ணெய் மோந்தவன் நான். என்கிட்டயா?"

பரிமாறிக்கொண்டிருந்த அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. நான் அழ ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அவன் கடுதாசி போடுறானா?" என்றார். தலையாட்டினேன். அடிப்பார் என்று நினைத்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடைசியில், "கம்பி எத்தனை அடி?" என்றார்.

"நாப்பது."

"அந்த என்ஜினுக்கு அதுதான் சரி."

அவ்வளவுதான் அண்ணா! பிறகு கை கழுவிக்கொண்டே, "அடுத்த ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு போலாம். நான் பிடிச்சுப் பாக்குறேன்" என்றார். விமானத்தை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன், இப்போது ஒளிக்க வேண்டியதில்லை. அம்மா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள். கம்பி எந்தப் பக்கம், காசு எந்தப் பக்கம் என்றெல்லாம் கேட்கவில்லை. "இவ்வளவு லேசா இருக்கே, எப்படித் தாங்கும்?" என்று மட்டும் கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை
பாக்கியமேரி


ஸ்ரீரங்கம்
27-3-79

சேசு மரி சூசை

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். விமானம் விழுந்துவிட்டது. காற்று அதிகம். மூக்கும் இறக்கையும் உடைந்துவிட்டன, என்ஜினில் மணல். யாருக்கும் அடியில்லை.

வெளிப்பக்கக் கனம் போதவில்லை என்று அப்பா சொல்கிறார். இனிமேல் உங்களுக்கு எழுதக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். லீவு விஷயம் அவரிடம் பேச முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாக்கியமேரி


ஜாலஹள்ளி
6-4-79

அன்புள்ள பாக்கியம்,

உனக்கு அடிபடவில்லை என்பதே போதும். நான் சுகம்.

உன் கடிதம் வந்ததிலிருந்து நான் போட்ட படத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஐம்பது காசு போதும் என்று நான் எதை வைத்துச் சொன்னேன்? காலேஜில் பார்த்த வேறொரு விமானத்தின் நினைவில் எழுதினேன். அளந்து சொல்லவில்லை. அப்பா சொல்வது சரியாகத்தான் இருக்கும். அவர் கையில் இருந்தும் விழுந்தது என்றால் தவறு என்னுடையதுதான். அவரிடம் அப்படியே சொல்லிவிடு.

இங்கே நாங்கள் பழகுவது பெரிய விமானங்களின் என்ஜினில். ஒவ்வொரு திருகையும் பூட்டிய பிறகு இப்போது இரண்டு தடவை போய்ப் பார்க்கிறேன். கூட இருக்கிறவர்கள் சிரிக்கிறார்கள்.

அம்மா கொள்ளிடத்துக்கு வந்திருந்தார்களா? பார்த்தார்களா?

அண்ணன்


ஜாலஹள்ளி
2-5-79

அன்புள்ள பாக்கியம்,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நீங்கள் எல்லோரும் சுகமாக இருந்தால் போதும்.

பயிற்சி முடிகிறது. எந்த ஊருக்கு மாற்றல் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த மாதம் பதினைந்துக்குள் கொடுக்க வேண்டும். தாம்பரம் கேட்கலாம் என்றிருந்தேன், ஒரு ராத்திரி ரயிலில் திருச்சி. இப்போது யோசித்தால், பக்கத்தில் இருந்துகொண்டு வீட்டுக்கு வராமல் இருப்பதைவிடத் தூரத்தில் இருப்பது எல்லோருக்கும் சுலபம். அஸ்ஸாம் பக்கம் போக ஆளில்லை, கேட்டால் உடனே கொடுப்பார்கள். லீவு எடுக்கவில்லை.

அப்பா சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. நான் எதையும் முடித்ததில்லை.

நன்றாகப் படி.

கிளமென்ட்


எடமலைப்பட்டி புதூர்
9-5-79

சேசு மரி சூசை

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. இரண்டாவதை ரங்கநாயகி டைப்ரைட்டிங் வகுப்புக்கு வந்தபோது இன்றைக்குத்தான் கொடுத்தாள். அஸ்ஸாம் என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். இதைப் படிக்கும்வரை பொறுங்கள். எல்லோரும் சுகம் என்று நான் எழுதியது பொய். ஒருவரும் சுகமாக இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அப்பா பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நின்றார். வால் தட்டு ஏறுகிறதா என்று அவரே பார்த்தார். நான்தான் விமானத்தைப் பிடித்திருந்தேன். விட்டதும் அம்பு மாதிரி போனது. அண்ணா, அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாய் திறந்திருந்தது. சுற்றிக்கொண்டே என்னைப் பார்க்காமல், "மே மாசம் லீவு உண்டான்னு கேளுடி அவனை" என்று கத்தினார். என்ஜின் சத்தத்திலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அடுத்த சுற்றில், காற்று வரும் பக்கம் போனதும், விமானம் அவரை நோக்கிச் சாய்ந்தது. கம்பி தொய்ந்துவிட்டது. அவர் பின்னால் ஓடி ஓடி இழுத்தார். அவர் காலடியிலேயே மூக்குக் குத்தி விழுந்தது.

"பாத்தியா? வெளிப்பக்கக் கனம் போதல. அவன் போட்ட கணக்கு. இதையாவது ஒழுங்காச் சொல்லியிருக்கானா?" என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தார். பஸ் நிற்கும் இடத்தில் நான் போய்ச் சேர்ந்ததும், "கேக்க வேணாம்" என்றார்.

ஆனால் உடைந்ததைப் பொறுக்கியபோது நான் ஒன்றைப் பார்த்துவிட்டேன். இடது இறக்கை நுனியில் காகிதம் கிழிந்து, உள்ளே பித்தளை மின்னியது. வேளாங்கண்ணி மாதா பதக்கம். அம்மா உங்களை நேர்ந்துகொண்டபோது வாங்கியது, ரூபாய்க் காசைவிடக் கனம். காகிதத்தைக் கீறி உள்ளே வைத்துச் சோற்றுப் பசையால் அவ்வளவு சுத்தமாக ஒட்டியிருந்தார்கள், எனக்கே தெரியவில்லை.

உங்கள் கணக்கில் தவறில்லை அண்ணா. வெளியே போக வேண்டிய கனத்தை உள்ளே வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு, "ரெண்டு சுத்தாவது சுத்துச்சாமே?" என்று கேட்டார்கள். "இடது பக்கம்தானே நெஞ்சு, அங்கதான் மாதாவை வெச்சேன். அவங்கதான் ரெண்டு சுத்து தாங்கிப் பிடிச்சாங்க. இல்லேன்னா அதுவும் சுத்தியிருக்காது. அப்பாகிட்ட சொல்லாதே" என்றார்கள். அவர்கள் கண்ணில் தண்ணீர், ஆனால் சிரித்தார்கள். நீங்கள் போன பிறகு அவர்கள் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் பதக்கத்தைக் கையில் கொடுத்தேன். விமானம் விழுந்ததே இதனால்தான் என்று சொல்லவில்லை.

எப்படிச் சொல்வேன்? நீங்கள் செமினாரியை விட்டு வந்த அன்றைக்கு அப்பா அம்மாவிடம், "உன் நேர்த்தியாலதான்டி என் பையனை எழந்தேன்" என்றார். அன்றிலிருந்து அம்மா ராத்திரி சாப்பிடுவதில்லை. நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்கு இதுதான் பதில். இப்போது விமானத்தையும் அவர்கள்தான் விழ வைத்தார்கள் என்று அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? தெரியாவிட்டால் உங்களுக்கு என்ன ஆகும் என்று நான் அப்போது நினைக்கவில்லை. சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் வலிக்காது என்று நினைத்தேன். ஒரு மாதத்துக்கு மேல் சும்மா இருந்தேன்.

நாளைக்குக் காலையில் அப்பா பட்டறைக்குக் கிளம்பும் முன் சொல்லிவிடப் போகிறேன். நீங்கள் தாம்பரம் என்றே எழுதிக் கொடுங்கள். அம்மாவுக்கு முன்னால் சொல்ல மாட்டேன், அவரைத் தனியாகக் கூட்டிப்போய், அம்மாவை ஒன்றும் கேட்கக்கூடாது என்று முதலில் சத்தியம் வாங்கிக்கொண்டு பிறகுதான்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். மெல்லத் தட்டுகிறார்கள், அப்பா இல்லை.

அம்மாதான். "பாக்கியம், அண்ணனுக்குத்தானே எழுதுற? எனக்குத் தெரியும்டி. தாளை மடிச்சிடாதே, கீழ கொஞ்சம் எடம் விடு, நானும் ரெண்டு வரி எழுதணும்" என்கிறார்கள். பதக்கத்தைப் பற்றி எழுதியதெல்லாம் இந்தத் தாளில்தான் இருக்கிறது அண்ணா, ஆனாலும் தாழ்ப்பாளைத் திறக்கத்தான் வேண்டும்.